கணித்த மதிப்பு: ஒன்று

வியாழக்கிழமை மதியத்துக்குள் நித்திலாவை மூன்று பேர் மிதித்துவிட்டார்கள். முதல் ஆள் பஸ்ஸில். இரண்டாவது, தோற்றச் சேவை மையத்தின் படிக்கட்டில். மூன்றாவது ஆள்தான் உச்சம். மைய வரிசையில் அவள் நின்ற இடத்தைக் காலி இடம் என்று நினைத்து, ஒரு கனத்த மனிதர் நேராக அவள் கால்மேல் வந்து நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூவரில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதையோ மிதித்தோமே என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை, மகானுபாவர்கள்.

நித்திலாவுக்கு இது பழகிப்போன சங்கதி. மூன்று வருஷமாக அவளுக்காகத் தனியாக எந்த பஸ்ஸும் நின்றதில்லை. டீக்கடையில் நாலு தடவை கேட்டால்தான் டீ. கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் அவள் இலையைத் தாண்டிப் போய்விடுவார்கள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அவள் கணக்கு டீச்சர் வேலைக்குப் படித்தவள். தில்லை நகரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டு தடவை எடுத்தாள். இரண்டு தடவையும் 'தேர்வாகவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஒரு ஆளுக்கு மூன்று வாய்ப்புத்தான். மூன்றாவது நாளைக்கு, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு.

இரண்டாவது தடவைக்குப் பிறகு, தான் ஆள் சேர்த்தியே இல்லை என்று நித்திலா கிட்டத்தட்ட நம்பிவிட்டாள். இருபத்தெட்டு வயதில் ஒரு பெண் அப்படி நம்புவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனாலும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. ஒருவேளை தன்மேல் கோளாறு இல்லாமல், கண்ணாடியில் கோளாறாக இருந்தால்?

கண்ணாடி என்றால் அந்தக் காலத்தில் எல்லார் மூக்கின்மேலும் இருந்ததே, அது. பஸ் நம்பரில் ஆரம்பித்துக் கடைப் பெயர்ப்பலகை வரை எல்லாமே அதில்தான் தெரியும். அதைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்கினால் திருச்சியே மொட்டைச் சுவராக நிற்கும். அதனால் யாரும் கழற்றுவதில்லை. பொருள்களுக்கு மட்டும் என்றில்லை, மனிதர்களுக்கும் அதில் அளவு உண்டு. ஒரு ஆள் மற்றவர்கள் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டும், அவர் பேச்சு எவ்வளவு தெளிவாகக் காதில் விழ வேண்டும் என்பதற்கு 'அடர்த்தி' என்று பெயர். சுழியம் என்றால் ஆளே இல்லை. ஒன்று என்றால் முழு ஆள்.

"நித்திலா விக்னேஷ், உறையூர். உங்க அடர்த்தி ஒண்ணு. நெக்ஸ்ட்" என்றார் மையத்தின் ஆய்வாளர் ஜெரால்டு.

அவருக்கு மட்டும் அவளை நன்றாகவே தெரிந்தது. அலுவல் கண்ணாடியில் திரை, மறைப்பு எதுவும் வேலை செய்யாது.

"சார், நெக்ஸ்டெல்லாம் அப்புறம். ஒண்ணுன்னா நான் முழுசாத் தெரியணும்ல?"

"ஆமா மேடம்."

"அப்ப அந்தத் தடியர் ஏன் சார் என் கால்மேல ஏறி நின்னாரு?"

ஜெரால்டு எட்டிப் பார்த்தார். தடியர் இன்னும் அவள் காலடியிலேயே நின்றுகொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ஜெரால்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார்.

ஆய்வுப் பலகை என்பது ஒரு பெரிய திரை. அதில் நித்திலாவின் உருவம் ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. பாதிக்குமேல் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது.

"இது என்ன சார், இவ்வளவு அடித்தல் திருத்தல்?"

"காலேஜ்ல ஒரு விதி போட்டிருப்பாங்க, ரயில்வே பாஸுக்கு ஒண்ணு போட்டிருப்பாங்க. புதுசு வந்தா பழசு செல்லாது, கோடு விழுந்துடும். அதை விடுங்க. இந்தக் கடைசிப் பத்தியைப் பாருங்க. கணித்த மதிப்பு. எல்லா விதியையும் சேத்துக் கழிச்சு, கடைசியா நிக்கிற விடை."

நித்திலா படித்துப் பார்த்தாள். உயரம், நிறம், குரல் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது.

"கொம்பு இல்லைன்னெல்லாம் போட்டிருக்கு!"

"யாரும் எழுதாததையும் அதுவாப் போட்டு வச்சிருக்கும் மேடம். வால் இல்லைன்னுகூட கீழ இருக்கும். பாக்கறவங்களைப் பயமுறுத்தன்னே ஒரு பத்தி. ஆனா அடர்த்தி பாருங்க, ஒண்ணு. சுத்தமா இருக்கு. இதை வச்சு நீங்க புகார் குடுத்தா, மேலிடத்துல அரை நிமிஷத்துல தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும். நீங்க உங்க அலுவல் கண்ணாடியைக் கழட்டிட்டு, ஊர்க்காரங்க போடற கண்ணாடியைப் போட்டு என்னைப் பாருங்க."

ஜெரால்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாதாரணக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். மாட்டியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"மேடம், எங்க போனீங்க?"

"இங்கதான் சார் இருக்கேன்."

"அடப்பாவமே! ஏதோ புகை மாதிரி இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு அலுவல் கண்ணாடிக்கு மாறி, பலகையை முறைத்தார். "ஒண்ணுன்னுதானே சொல்லுது, சனியன்." அரை நிமிஷம் தலையைச் சொறிந்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "பதினோரு வருஷமா இந்த சீட்டுல உக்காந்திருக்கேன், எனக்கே தோணல பாருங்க. உங்க வீட்டைத் திறக்கணும்."

"வீட்டையா?"

"ஒரு குண்டு பல்பு இருக்குன்னு வைங்க. நல்லா எரியுது. அதுமேல ஒரு சாக்கைப் போத்திட்டா வெளிச்சம் வருமா? வராது. ஆனா பல்பை மட்டும் சோதிச்சா, நல்ல பல்புன்னுதான் சொல்லுவோம். இந்தப் பலகை உங்களை மட்டும் சோதிக்குது. நீங்க எதுக்குள்ள இருக்கீங்கன்னு பாக்கல. நீங்க ஒரு குடும்ப அட்டைக்குள்ள இருக்கீங்க. அந்த அட்டைக்கு ஒரு அடர்த்தி உண்டு."

அவர் ஒரு படி மேலே ஏறினார். குடும்ப அட்டை திறந்தது. அடர்த்தி: புள்ளி மூன்று ஐந்து.

"உங்க ஒண்ணை இதால பெருக்குங்க."

"புள்ளி மூணு அஞ்சு" என்றாள் கணக்கு டீச்சர். மூன்று வருஷமாக இந்தப் பெருக்கல் தனக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக வந்தது.

"எனக்கு ஏன் சார் இது தெரியல? நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னா நல்லாத்தானே தெரியறேன்? அம்மாவும் எனக்கு நல்லாத்தான் தெரியறாங்க."

"ஒரே அட்டைக்குள்ள இருக்கறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் முழுசாத் தெரியும். போத்தினது வெளியில இருந்து பாக்கறவங்களுக்குத்தான். ஆமா, மாதிரி வகுப்புன்னு மனுவுல எழுதியிருக்கீங்களே. அந்தத் தேர்வுக் குழுக்காரங்க, புள்ளி நாலுக்குக் கீழ எது இருந்தாலும் மறைச்சு வச்சுக்குவாங்க. கவனம் சிதறக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. அவங்க உங்களை ஃபெயில் பண்ணல மேடம். பாக்கவே இல்ல. ஆள் வரலன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க."

நித்திலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முதல் தடவை அவள் உயிரைக் கொடுத்துப் பின்னம் நடத்தியபோது, குழுவில் இருந்த மூன்று பேரும் முறுக்கு தின்றுகொண்டு மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாடம் அவ்வளவு மட்டமா என்று அவள் எத்தனை ராத்திரி தலையணையை நனைத்திருக்கிறாள்! படுபாவிகள், அவளைப் பார்க்கவே இல்லையாம்.

"யார் சார் போத்தினது?"

"துக்கத் திரை. ஒரு வீட்டுல சாவு விழுந்தா, பதினாறு நாள் கழியற வரைக்கும் விளம்பரக்காரன், விற்பனைக்காரன் யாரும் தொந்தரவு பண்ணாம இருக்க அரசாங்கம் குடுக்கற வசதி."

"அப்பா போய் மூணு வருஷமாச்சு."

"பதினாறாம் நாளோட விலகியிருக்கு. நாப்பதாம் நாள் மறுபடி போட்டிருக்கு. மாசா மாசம் ஒண்ணாந்தேதி, விலக்கலாமான்னு குடும்பத் தலைவரைக் கேட்டிருக்கு. அவரும் 'தொடரட்டும்'னு அமுக்கியிருக்கார்." ஜெரால்டு பெயரைப் படித்தார். "குடும்பத் தலைவர், விக்னேஷ்."

"அவர்தான் சார் எங்கப்பா."

"செத்தவரா?"

"செத்தவர்தான்."

"நல்ல கூத்து! அவர் செத்ததுக்கு அவரே மாசா மாசம் துக்கம் கொண்டாடறாரா?"

அட்டையிலிருந்து அப்பா பெயரை நீக்கவே இல்லை என்பது நித்திலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் எந்த வீட்டில் உடனே நீக்குகிறார்கள்? அந்தப் பெயர்மேல் கோடு விழுவதைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அப்பாவின் போன் அம்மாவிடம்தான் இருந்தது. அதற்குத் தினமும் சார்ஜ் போடுவாள். பாசத்தில் செய்கிறாள் என்று நித்திலா நினைத்திருந்தாள்.

"எங்கம்மாதான் அமுக்கியிருக்காங்க" என்றாள். குரல் சூடாகிவிட்டது. "நான் மூணு வருஷமாப் பேயா அலையறேன், வீட்ல உக்காந்து அமுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க!"

"கொஞ்சம் இருங்க மேடம், கோபப்படாதீங்க." ஜெரால்டு பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும், அமுக்கறதுக்கு முன்னாடி உங்க பேரைத் திறந்து பாத்திருக்காங்க. உங்க கணித்த மதிப்பை. ஒண்ணுன்னு இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் அமுக்கியிருக்காங்க. முப்பத்தாறு தடவை. பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லன்னு நினைச்சிருக்காங்க. நானே ஏமாந்துட்டேனே, அவங்க ஏமாறமாட்டாங்களா?"

நித்திலா அந்த முப்பத்தாறு வரிகளையும் எண்ணிப் பார்த்தாள்.

"நீங்களா பேர் நீக்கம் போட்டா முப்பது நாள் ஆகும். நாளைக்கு வேணும்னா அந்தப் போன்லதான் விலக்கணும். இன்னிக்குள்ள அமுக்கினா நாளைக் காலைல சரியா பத்து மணிக்கு ஏறிடும். அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க" என்றார் ஜெரால்டு.

பக்குவமாவது ஒன்றாவது. வழியெல்லாம் நித்திலா வசனங்களைத் தயார் செய்துகொண்டே வந்தாள். உறையூர்க் கடைவீதியில் இறங்கியபோது நாலாவது ஆளும் மிதித்தார். அதையும் அம்மா கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான், பூக்கடைக்குப் பக்கத்தில் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் பெயர் கீர்த்தனா. வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் எப்போதும் சாம்பல் நிறத்திலோ, வெளுத்த நீலத்திலோ ஒரு புடவை. இங்கே நின்ற கீர்த்தனா கத்தரிப்பூ நிறத்தில், ஜரிகைக் கரை போட்ட புடவையில் இருந்தாள். நெற்றியில் மிளகாய்ச் சிவப்பில் பெரிய பொட்டு. தலையில் ஒன்றரை முழம் மல்லிகை, இரண்டாக மடித்து வைத்தது. கையில் ஒரு பஜ்ஜி. எண்ணெய் ஒழுக ஒழுக, ஊதி ஊதித் தின்றுகொண்டு, ரோட்டில் போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

அவளைச் சுற்றி நூறு பேர் போனார்கள். ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கண்ணாடியில் அங்கே புகைதான் நின்றது. அந்தப் பூவும் பொட்டும் அந்தக் கடைவீதியிலேயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்தது. ஒரே அட்டைக்குள் இருக்கிற நித்திலாவுக்கு.

அப்பா போன நாற்பதாம் நாள், சித்தப்பா வீட்டில் காதுகுத்து. அம்மா ஒரு விரற்கடை மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பினாள். அங்கே பெரியம்மா, "உனக்கு எதுக்கு கீர்த்தனா இதெல்லாம் இனிமே?" என்றாள். திட்டவில்லை. ரொம்ப அன்பாகத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் அம்மா பதிலுக்குத் திட்டியிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் பூவை எடுத்துக் குப்பையில் போட்டாள். மனிதர்கள் நிலாவில் போய் வீடு கட்டிய பிறகும் இந்தப் பெரியம்மாக்கள் மட்டும் அப்படியேதான் இருந்தார்கள்.

நித்திலா கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அம்மா பஜ்ஜியை முடித்தாள். கைக்கண்ணாடியைப் பார்த்துப் பொட்டை எடுத்தாள். பூவை அவிழ்த்து, ஒரு நிமிஷம் முகர்ந்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு வைத்தாள். பையிலிருந்து சாம்பல் நிறத் துப்பட்டா ஒன்றை எடுத்துப் புடவைமேல் போர்த்திக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

தயார் செய்த வசனம் ஒன்றுகூட நித்திலாவுக்கு நினைவில் இல்லை. அம்மா மேல் வந்த கோபமும் போய்விட்டது.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள், "மையத்துல என்னடி சொன்னாங்க?"

"ஒண்ணாம்."

"ஒண்ணுதானே? அதான் எனக்குத் தெரியுமே. முழு ஒண்ணு."

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன் உன்னை எடுக்க மாட்டேங்கறாங்க?"

"நான் சரியா நடத்தலபோல இருக்கு."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "நீ சரியா நடத்தலன்னா வேற எவ நடத்துவா? ஒழுங்காச் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லலியா? வேற எதையும் திறந்து பாக்கலியா அந்த ஆளு?"

நித்திலா தட்டிலேயே கண்ணை வைத்திருந்தாள். சொல்லிவிட்டால் அம்மா அந்த நிமிஷமே திரையை விலக்குவாள் என்று அவளுக்குத் தெரியும். அதோடு கத்தரிப்பூப் புடவை பெட்டிக்குள் போய்விடும். அது நடக்கக் கூடாது. வேறு வேலை கிடைக்காமலா போகும்?

"இல்லம்மா. மோர் ஊத்து."

அம்மா மோர் ஊற்றினாள். வழக்கமாக ஊற்றுவதைவிட நிறைய ஊற்றினாள், தட்டு நிரம்பி வழிகிற அளவுக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு பள்ளிக்கூட பியூன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "நித்திலா! நித்திலா வரலியா?" என்று கூவினார். நித்திலா அவருக்கு ஒரு முழ தூரத்தில்தான் நின்றாள். "வந்துட்டேங்க" என்று அவர் காதருகே போய்ச் சொன்னாள். அவர் ஈ விரட்டுவது போலக் காதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். சரிதான், இன்றைக்கும் இதே கதிதான் என்று நினைத்தாள். ஆனாலும் திரும்பிப் போக மனசில்லை. கடைசி வாய்ப்பாயிற்றே, யாருமே பார்க்காவிட்டாலும் எடுத்துவிட்டே போவோம் என்று காத்திருப்பு அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

பத்தேகாலுக்கு வகுப்புக்குள் நுழைந்தாள். ஏழாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். எல்லாரும் தடதடவென்று எழுந்து நின்றார்கள். பின்னால் தலைமையாசிரியை வந்திருப்பார், அவருக்காக நிற்கிறார்கள் என்று நித்திலா நினைத்தாள். தலைமையாசிரியையோ ஏற்கெனவே கடைசி பெஞ்சில், மற்ற இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார்.

நித்திலா மூச்சை இழுத்துப் பிடித்தாள். மூன்று வருஷமாகத் தொண்டையைக் கிழித்துக் கிழித்துப் பழகிய குரலில், "இன்னிக்கு நாம பாக்கப்போறது முக்கோணம்!" என்று ஒரு போடு போட்டாள். இரண்டு கையையும் வீசினாள். பலகையில் டம்மென்று தட்டினாள். "முக்கோணத்துக்கு எத்தனை கோணம்?"

ஜன்னலில் இருந்த புறா பறந்துபோயிற்று. முன் பெஞ்சில் இரட்டை ஜடை போட்ட ஒரு சிறுமி காதுகளைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு கையை மட்டும் மெல்ல எடுத்து உயர்த்தினாள்.

"மிஸ்..."

"சொல்லு!"

"நல்லாக் கேக்குது மிஸ். மெதுவாவே சொல்லுங்க."

நித்திலாவின் கை அந்தரத்தில் நின்றது. சிறுமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பிள்ளையும் பார்த்தான். நாற்பது பேரும் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை அவளை நேருக்கு நேராகப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு, என்ன இந்தப் பொண்ணு இப்படிக் கத்துகிறது என்பது போலப் பேனாவால் காதைக் குடைந்தார்.

பத்து மணிக்கு ஏறியிருக்கிறது. ராத்திரியே அம்மா திரையை விலக்கிவிட்டாள்.

அடுத்த முப்பது நிமிஷம் நித்திலா எப்படிப் பாடம் நடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. இத்தனை கண் தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். ஒரு கோணத்தைத் தப்பாகப் போட்டாள். இரட்டை ஜடை உடனே கண்டுபிடித்துச் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு சாதாரணக் குரலே போதுமாக இருந்தது.

வெளியே வரும்போது தலைமையாசிரியை நிறுத்தினார். "தொண்டையைக் கொஞ்சம் குறைச்சுக்கம்மா. மத்தபடி நல்லா இருந்துச்சு. திங்கக்கிழமை வந்து ஆர்டர் வாங்கிக்க. ஆமா, போன ரெண்டு தடவையும் ஏன் வரவே இல்ல?"

"உடம்பு சரியில்ல மேடம்" என்றாள் நித்திலா. அவருக்கு விளக்கிச் சொல்ல அப்போது நேரமில்லை. வராந்தாத் தூணுக்குப் பின்னால் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, எங்க இருக்க?"

"கடைவீதில." பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏம்மா திரையை விலக்குன?"

"நீ பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? உன் பேர்ல ஒண்ணு, ஒண்ணுன்னு பாத்துப் பாத்துத்தான்டி நான்..." அம்மாவின் குரல் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "சொல்லியிருக்கலாம்ல எங்கிட்ட?"

நித்திலா கேட்கவா வேண்டாமா என்று தயங்கினாள். "எந்தப் புடவைம்மா கட்டியிருக்க?"

அம்மா இரைச்சலை விட்டுத் தள்ளி வருவது கேட்டது.

"கத்தரிப்பூக் கலரு" என்றாள் அம்மா. "பூவும் வச்சிருக்கேன். ரெண்டு முழம். இப்பதான் உங்க பெரியம்மா எதிர்ல வந்தா."

"ஐயோ! என்ன சொன்னாங்க?"

"வாயைத் திறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. எல்லாரும் பாக்கறாங்கடி, நித்தி. எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியல எனக்கு. பஜ்ஜிக்காரன் வேற, புதுசா வந்திருக்கீங்களாம்மான்னு கேக்கறான். மூணு வருஷமா அவன்கிட்டத்தான் திங்கறேன்." அம்மா சிரித்தாள். "அதெல்லாம் கிடக்கட்டும். நீ சொல்லு. உன்னைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா" என்றாள் நித்திலா.